அம்மா வைத்த இருபது கிலோ

வார்டில் அவளைக் கிரேன் என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பெயர் என்று நினைத்தால் தப்பு. எலும்பு முறிந்தவர்கள் படுத்திருக்கும் வார்டு அது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, அங்கிருந்து எக்ஸ்ரே அறைக்கு என்று நோயாளிகளைத் தூக்கி இறக்குவது அவள் வேலை. கால் உடைந்து வந்த ஒரு லாரி டிரைவரை இரண்டு ஆண்கள் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. அவர் வலியில் போட்ட கூச்சலில் கட்டடமே அதிர்ந்தது. இவள் அந்த இருவரையும் கால் பக்கம் நிறுத்திவிட்டு, தலைமாட்டில் தான் நின்று, முட்டியை மடக்கி, மூச்சைப் பிடித்து எழுந்தாள். டிரைவரும் கூடவே எழுந்துவிட்டார். “யம்மா, நீ மனுஷியா, இல்ல கிரேனா?” என்று அவர் கேட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும்.

பிடிக்காமல் என்ன செய்யும்? அதுவரை அந்தப் பெரிய உடம்பு அவளுக்கு வாங்கித் தந்ததெல்லாம் பேச்சுதான். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு. துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது முதலாளி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீ உள்ளே ஸ்டாக் ரூமைப் பார்த்துக்கோ” என்று மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்தார். மூட்டை தூக்கித் தூக்கித்தான் தோளும் தொடையும் இரும்பாயின. அந்த இரும்பை மதித்துச் சம்பளம் கொடுத்த முதல் இடம் ஆஸ்பத்திரி.

அங்கேதான் மாப்பிள்ளையும் வாய்த்தான். ஆஸ்பத்திரி லிஃப்ட்டுகளைப் பராமரிக்கிற மெக்கானிக். ஒருமுறை லிஃப்ட் பாதியில் நின்றுபோனபோது, உள்ளே சக்கர நாற்காலியில் மாட்டிக்கொண்ட கிழவரை இவள் அலுங்காமல் வெளியே எடுத்ததைப் பார்த்தவன், அதற்குப் பிறகு நன்றாக ஓடுகிற லிஃப்ட்டையும் அடிக்கடி வந்து பரிசோதித்தான். கிரேனும் லிஃப்ட்டும் ஜோடி சேர்ந்தாச்சு என்று வார்டே சிரித்தது. இரண்டு வீட்டிலும் பேசி, தேதியும் குறித்தாயிற்று.

தேதி குறித்த அன்றைக்கே அம்மா எடையும் குறித்தாள்.

“இருபது கிலோ கொறைக்கணும்டீ.”

மூன்று மாதத்தில் இருபது கிலோ. யார் போட்ட கணக்கு, எந்த வைத்தியர் சொன்னது என்று கேட்டால் பதில் கிடையாது. வாயில் வந்தது, சொன்னாள். அம்மா ஒட்டடைக்குச்சி உடம்புக்காரி. கணவர் போன பிறகு, வீட்டு முன்னறையில் மேசை போட்டு ஊராருக்குத் துணி தேய்த்துக் கொடுத்து மகளை வளர்த்தவள். எந்தத் துணியில் எங்கே சுருக்கம் விழும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். மகளையும் அப்படித்தான் பார்த்தாள், தேய்த்துச் சரிசெய்ய வேண்டிய சுருக்கமாக.

கிரேன் சண்டை போடவில்லை. கொஞ்சம் குறைந்தால் முட்டிக்கும் நல்லதுதானே என்று ஆஸ்பத்திரியிலேயே உணவு ஆலோசகரைப் போய்ப் பார்த்தாள். அவர் அவளை எடை பார்த்துவிட்டு, என்ன வேலை, எத்தனை பேரைத் தூக்குகிறாள், எப்போது சாப்பிடுகிறாள் என்றெல்லாம் விசாரித்தார்.

“மூணு மாசத்துல நாலு கிலோ. மிஞ்சிப்போனா அஞ்சு,” என்றார். “அதுக்கு மேல அவசரப்பட்டா கொழுப்போட சேர்த்துத் தசையும் கரையும். உங்க வேலைக்குத் தசைதான் முதல். காலையில பட்டினி கிடக்கவே கூடாது. டீக்குச் சர்க்கரையைக் குறைங்க, பொரிச்சதைக் குறைங்க, சாயங்காலம் நடங்க. போதும்.”

நாலு கிலோ. கேட்கவே நிம்மதியாக இருந்தது. அது மனிதர்கள் எட்டக்கூடிய எண். சொன்னபடி செய்தாள். முதல் மாத முடிவில் இரண்டு கிலோ குறைந்திருந்தது. மாடிப்படி ஏறினால் இரைக்கவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து சொன்னாள்.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவைத்தாள். “இருபதுல ரெண்டா?”

அவ்வளவுதான் பாராட்டு.

அடுத்த வாரம் கல்யாண உடுப்பு தைத்து வந்தது. போட்டுப் பார்த்தாள். கை பாதியில் இறுகி நின்றது. முதுகில் கொக்கிகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. அம்மா கொண்டுபோய்க் கொடுத்த அளவை டெய்லர் தப்பாக எழுதிக்கொண்டாரோ என்று கேட்டாள்.

“அளவெல்லாம் சரிதான். நீதான் சரியில்ல,” என்றாள் அம்மா. “அதுக்குத்தானே தலதலயா அடிச்சுக்கிட்டேன். மாப்பிள்ளை வீட்டுலயும் சொன்னாங்க, தெரிஞ்சுக்கோ.”

ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது, அதைத்தான் இத்தனை வருஷமாகச் சமாளித்து வந்தாளே. ஆனால் மாப்பிள்ளை வீடு என்றதும் உள்ளே என்னவோ ஒடிந்தது. நாலு கிலோ, ஆலோசகர், காலைச் சாப்பாடு எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் அடிபட்டுப் போய்விட்டன. மறுநாளிலிருந்து காலையில் வெறும் தண்ணீர், மத்தியானம் அரைக் கிண்ணம் கஞ்சி, சாயங்காலம் ஒரு வெள்ளரிக்காய். அம்மாவே அளந்து வைத்தாள். அளந்து வைத்துவிட்டு, “என் தங்கம்” என்று கன்னத்தையும் வழித்தாள். பிறந்ததிலிருந்து அந்தக் கையால் அத்தனை கொஞ்சல் அவளுக்குக் கிடைத்ததில்லை. பட்டினிக்குக் கிடைத்த பரிசு அது. நினைத்தால் வயிறு எரிகிறது.

எடை மளமளவென்று இறங்கியது. முகம் வற்றியது. “கல்யாணக் களை” என்றார்கள் சிலர். கண்ணை எங்கே வைத்திருந்தார்களோ!

அப்படி இருக்கும்போதுதான் அது நடந்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த ஒரு டீச்சரம்மா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கிரேனைத் தவிர வேறு யாரையும் தன்னைத் தொட விடமாட்டார். அவரைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கிக் கட்டிலில் உட்காரவைக்க வேண்டும். ஆயிரம் தடவை செய்த வேலை. அவரைத் தாங்கிக்கொண்டு நிமிர்ந்தாள். கண் முன்னால் எல்லாம் கறுத்தது. முட்டி இரண்டும் தன்னுடையவை இல்லை என்பதுபோல மடங்கின. விழுகிறோம் என்று தெரிந்த அந்தக் கணத்தில் தன் உடம்பை அவருக்கு அடியில் கொடுத்தாள். ஆனாலும் டீச்சரம்மாவின் கை கட்டில் கம்பியில் மோதி, மணிக்கட்டு உடைந்தது.

வார்டு சிஸ்டர் அவளைத் தனியே அழைத்துப் போனார். “காலையில சாப்டியா?”

“சாப்டேன் சிஸ்டர்.”

“பொய் சொல்லாத. உன் மூஞ்சியே சொல்லுது.”

சிஸ்டர் பணிப் பட்டியலில் அவள் பெயரை அடித்தார்.

“டாக்டர் உன்னைப் பார்த்து, பலம் வந்துடுச்சுன்னு எழுதித் தர்ற வரைக்கும் நீ யாரையும் தூக்கக் கூடாது. துணி ரூம்ல போய்ப் போர்வை மடி.”

மறுபடியும் ஸ்டாக் ரூம். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து போர்வை மடிக்கும்போது அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. முதலில் தன்மேல். படித்துப் படித்துச் சொன்னாரே அந்த ஆலோசகர், காதில் ஏறவில்லையே. செருப்புக்குத் தக்கபடி யாராவது காலை வெட்டுவார்களா? துணி பற்றவில்லை என்றால் துணியைப் பிரித்து விட்டுத் தைப்பதுதானே? அன்று சாயங்காலமே உடுப்பைத் தூக்கிக்கொண்டு டெய்லரிடம் போனாள்.

டெய்லர் உடுப்பைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “பிரிக்க முடியாதும்மா.”

“ஏன்? உள்ள மடிச்சுத் தைச்ச துணி இருக்குமே?”

“வழக்கமா ரெண்டு விரல் அகலம் உள்ள விடுவேன். கல்யாணத் துணிக்கு இன்னும் தாராளமாவே விடுவேன். உங்கம்மாதான் விடக் கூடாதுன்னாங்க.” அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் வாயை விட்டு வந்தது வந்ததுதான். “உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். அளவுகூட அவங்க சொன்னதுதான். உங்களை வெச்சு எடுக்கலையே. தையல் ஓரத்துல இருந்த துணியையும் என் முன்னாடியே கத்திரிக்கச் சொன்னாங்க. ‘மிச்சம் இருந்தா அவ அதை நம்பி உக்காந்துடுவா’ன்னாங்க.”

கடை வாசலில் நின்றபடியே மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள்.

“என் உடம்பைப் பத்தி உங்க வீட்டுல என்ன சொன்னாங்க?”

“அம்மா ஏதோ சொன்னாங்க. கொஞ்சம் இளைச்சா போட்டோவுல நல்லா இருக்கும்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லல. சின்ன விஷயம்தானேன்னு விட்டுட்டேன்.”

“பத்து பேர் ஏறுற லிஃப்ட்டுல இருபது பேர் ஏறுனா சின்ன விஷயம்னு விட்டுடுவீங்களா? அங்க மட்டும் தொண்டை கிழியக் கத்துவீங்கல்ல?”

“தப்புதான். இன்னிக்கே அம்மாகிட்ட பேசறேன்.”

“இன்னிக்கு இல்ல, இப்ப,” என்று போனை வைத்தாள்.

வீட்டில் அம்மா யாருடைய சட்டையையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். கிரேன் உடுப்பை மேசைமேல் எறிந்தாள்.

“கத்திரிக்கச் சொன்னியாமே?”

அம்மா முகம் மாறியது. மறுக்கவில்லை. “உன் நல்லதுக்குத்தான்டீ.”

“எது நல்லது? நான் மூச்சு விடக்கூட ரெண்டு விரல் துணி இருக்கக் கூடாதுங்கிறதா?”

“எனக்கு மட்டும் ஆசையா? எத்தனை கல்யாணத் துணி என் கையில வந்து போயிருக்கு! ஒவ்வொண்ணையும் தேய்க்கும்போது உன் நெனப்புதான். இதுல ஒண்ணாவது என் பொண்ணுக்குப் பத்துமா, இவளை எவனாவது கட்டுவானான்னு…”

“கட்டுறேன்னு ஒருத்தன் வந்தாச்சேம்மா! இந்த உடம்பைப் பார்த்துத்தானே வந்தான்! நாலு கிலோன்னு படிச்சவங்க சொன்னாங்க, நான் ஒழுங்கா கொறைச்சுக்கிட்டு இருந்தேன். நீ உன் பயத்தை எடை போட்டு இருபதுன்னே. அந்தப் பயத்துக்கு ஒரு வயசானவங்க கை ஒடிஞ்சு கிடக்கு.”

அம்மாவுக்கு அது தெரியாது. விழுந்ததை இவள் சொல்லவே இல்லை. “யாரு கை?” என்று கேட்டாள். இஸ்திரிப் பெட்டியின் கீழே சட்டை தீய்ந்தது.

மறுநாள் அம்மாவைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். சமாதானம் எதுவும் ஆகவில்லை. அம்மா மட்டும் ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கிக்கொண்டாள். மகள் வேலை பார்க்கும் வார்டுக்குள் அவள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

டீச்சரம்மா கட்டுப்போட்ட கையை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். “கல்யாணப் பொண்ணோட அம்மாவா? வாங்க,” என்றார். “நல்லா வளர்த்திருக்கீங்க. விழும்போதுகூட என் தலையைப் பிடிச்சுக்கிட்டேதான் விழுந்தா.”

அம்மா ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் டீச்சரம்மா முகத்தைச் சுளித்து, கூப்பிடுகிற மணியை அழுத்தினார். கழிப்பறைக்குப் போக வேண்டும்.

இரண்டு பேர் வந்தார்கள். வேலைக்குப் புதிது, ஆனால் நல்லவர்கள்தான். ஒருத்தி அக்குளில் கை கொடுத்தாள், இன்னொருத்தி காலை நகர்த்தினாள். டீச்சரம்மா வீறிட்டார். விட்டுவிட்டு வேறு மாதிரி பிடித்தார்கள். மறுபடியும் வீறிட்டார். “சீக்கிரம்மா, சீக்கிரம்,” என்று கெஞ்சினார். இத்தனை பிள்ளைகளை அதட்டி வளர்த்த குரல் கெஞ்சியது. மூன்றாவது தடவை தூக்கும்போது படுக்கை நனைந்துவிட்டது.

அம்மா மகளின் முழங்கையைப் பிடித்துத் தள்ளினாள். “மரம் மாதிரி நிக்கிறியே! போய்த் தூக்குடீ!”

“முடியாதும்மா.”

“சிஸ்டர் திட்டினா நான் சொல்லிக்கிறேன். போ!”

“திட்டுக்குப் பயந்து நிக்கல. கையைப் பாரு.” நீட்டினாள். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. “பதினோரு கிலோ போயிடுச்சு. உன் கணக்குல இன்னும் ஒன்பது பாக்கி. எங்கேருந்து எடுக்கட்டும், சொல்லு.”

அம்மா அந்தக் கையையே பார்த்தாள். கட்டிலில் டீச்சரம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஈரத் துணியை மாற்ற ஆள் வரக் காத்திருந்தார்.