அசனச் சோறும் அறுபத்தொரு கிலோவும்

ஸ்டெனியைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அவன் விலாவில் இறக்கும் குத்தைப் பற்றித்தான் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த ஸ்டெனி வேறு. நான் அவன் அக்கா ஜாஸ்மியைக் கட்டியவன். குத்துச்சண்டைப் பந்தயங்களில் தண்ணீர் பாட்டிலும் துண்டுமாக அவன் மூலையில் நிற்பவன். வளையத்துக்குள் எவனுக்கும் பயப்படாத அந்தப் பயலுக்கு, வெளியே ஒருத்தரிடமும் முகத்தைப் பார்த்து மறுத்துப் பேச வராது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது.

எங்களுக்குக் குலசேகரம் பக்கம். விடியும் முன்பே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போவான். சாயங்காலம் ஷீட் உலர்த்தும் கொட்டகையில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டுக் குத்துவான். அவன் சண்டை போடுவது லைட்வெயிட் பிரிவில். அறுபத்தொரு கிலோ சொச்சம்தான் எல்லை. அவன் உடம்போ சாதாரணமாக அதைவிட நாலைந்து கிலோ கூட. அதனால் பந்தயம் வந்தால் முதலில் உப்பை விடுவான், பிறகு சோற்றை, கடைசியில் தண்ணீரையும். உதடு வெடித்து, கண் குழிந்து, கத்தியோடு மரத்துக்கு மரம் நடப்பான். அப்படிக் கிடந்து உழைத்ததால்தான் ஒரு பந்தயத்தில்கூட அவன் தோற்றதில்லை.

இந்தப் பாடு எதுவும் பொன்னுலிங்கத்தின் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு வேண்டியது வாதம். லைட்வெயிட்டில் தேசியப் பட்டம் காலியாக இருந்தது. முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்கள் அதற்கு மோதவேண்டும். ஹரியானாக்காரன் தேவேந்தர் முதலிடம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டாவது யார்? இதற்காக அந்தக் கடையில் கண்ணாடி டம்ளர்கள் உடைந்திருக்கின்றன.

வாதத்துக்குத் தலைமை செல்வதாஸ், எங்கள் சபையின் செயலர். பஹ்ரைனில் வேலைபார்த்தபோது பெரிய பந்தயங்களை நேரில் பார்த்தவராம். டிவியில்தான் பார்த்தார் என்று அவரோடு அறையில் இருந்தவனே சொல்லியிருக்கிறான்.

"மணிப்பூர்க்காரன் தோம்பா ரெண்டு, நம்மாளு மூணு" என்றேன் ஒருநாள். "தோம்பா இடதுகைக்காரன். அப்படி ஒருத்தன்கிட்ட ஸ்டெனி இன்னும் நின்னு பாக்கல்ல."

"சொந்த மச்சினனையே மூணாவதாட்டு வைக்கான் பாருங்க!" என்று செல்வதாஸ் பெஞ்சில் அடித்தார். "நீ எந்த ஊர்க்காரன்டே? நம்ம பயலு தோத்ததே கிடையாது. தோம்பா ஒண்ணு தோத்தாச்சு. பின்னே எவன் மேல?"

"தேவேந்தருகிட்டல்லா அவன் தோத்தான்? நம்மாளு இதுவர அந்தத் தரத்துல யார அடிச்சான், சொல்லும்!"

செல்வதாஸ் அடுத்த வாரமே சர்ச் முக்கில் ஸ்டெனி படத்தோடு 'லைட்வெயிட்டின் முதல்வன்' என்று பிளெக்ஸ் வைத்தார். ஸ்டெனி அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான். எனக்குத்தான் அதைக் கிழித்துப் போடவேண்டும் போலிருந்தது.

பிறகு தோம்பாவுக்குக் கை முறிந்தது. அந்த வாய்ப்பு ஸ்டெனிக்கு வந்தது. சனிக்கிழமை சென்னையில் பட்டத்துக்கான சண்டை. வெள்ளிக்கிழமை காலையில் எடை பார்ப்பார்கள். வியாழக்கிழமையோ எங்கள் ஆலயத்தின் பிரதிஷ்டை நாள். ஆராதனை முடிந்ததும் அசனம். ஊரே கூடி ஆக்கி, ஊரே உட்கார்ந்து உண்ணும் சோறு. அதில் கை நனைக்காமல் போனால் சபையையே அவமதித்ததாகப் பேசுவார்கள்.

"சர்ச் பக்கம் தலை காட்டாத மக்கா. ரயிலு சாயங்காலம். வீட்டுல படுத்துக் கெட" என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவன் அம்மா ஜெபத்துக்கு மட்டுமாவது வரச்சொன்னாள். அவனும் போனான். ஜெபம் முடிந்து நான் பைக்கைத் திருப்புவதற்குள் பந்தலில் அவனை உட்காரவைத்து இலை போட்டுவிட்டார்கள்.

"மாமா, நாளைக்கு எடை பாப்பாங்க. தண்ணிகூடக் குடிக்கப்பிடாது" என்று செல்வதாஸிடம் முனகினான் ஸ்டெனி.

"ஆண்டவருக்க சோறு மக்கா இது! ஜெபிச்சு ஆக்கினது. இதுக்கு எடையே கிடையாது, கேட்டியா?" என்று செல்வதாஸ் தன் கையாலேயே சோற்றை இலையில் தட்டினார். ஆட்டுக்கறி வந்தது. சாம்பார் வந்தது. தினமும் அவனை இரண்டாவது இடத்தில் வைத்து வாதாடியவர்கள் ஆளுக்கொரு கரண்டி வைத்தார்கள்.

நான் ஓடிப்போய் இலையைப் பிடித்து இழுத்தேன். நாலுபேர் என் கையைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். இலையைத் தட்டிவிடுகிற பாவி என்று என்னைத் திட்டினார்கள். ஸ்டெனி என் முகத்தைப் பார்த்தான், அவர்கள் முகத்தைப் பார்த்தான். குனிந்து சாப்பிட்டான். முந்தின நாளிலிருந்து தண்ணீர் காணாத உடம்பு, தண்ணீரையும் செம்பு செம்பாக வாங்கிக் குடித்தது.

சென்னையில் தராசு முக்கால் கிலோ கூடுதல் காட்டியது. கொஞ்ச நேரம் அவகாசம் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக்கொண்டு மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கினான். வியர்வை வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. தேவேந்தரின் ஆட்கள் ஒரு கிராமும் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. தயாராக நின்ற வேறொருவனை ஸ்டெனி இடத்தில் ஏற்றினார்கள். தேவேந்தர் அவனை அடித்துப் பட்டத்தோடு போனான். நாங்கள் முன்பதிவில்லாத பெட்டியில் ஊர் திரும்பினோம்.

மறுவாரம் டீக்கடையில் வாதம் மறுபடி தொடங்கியிருந்தது. வெளியே பைக்கை நிறுத்தும்போதே செல்வதாஸின் குரல் கேட்டது.

"பயலுக்குக் கட்டுப்பாடு இல்லடே. நான் அப்பமே நெனச்சேன், தோம்பாதான் ரெண்டு."

அவர் சட்டையைப் பிடிக்கத்தான் உள்ளே பாய்ந்தேன். என் பின்னால் வந்த ஸ்டெனி என் தோளைப் பிடித்து நிறுத்தினான். செல்வதாஸ் அவனைப் பார்த்ததும் இளித்தார்.

"வா மக்கா, இரி. உனக்குத் தெரியாததா? நீயே சொல்லு, லைட்வெயிட்டுல முதல் மூணு பேரு யாரு?"

ஸ்டெனி உட்காரவில்லை.

"ஒண்ணு தேவேந்தர். ரெண்டு தோம்பா" என்றான். "மூணு நீங்க மாமா. இதுவர என்னைய ஜெயிச்சது நீங்க ஒருத்தருதான்."