வளர்ற புள்ள

என் தங்கையின் பள்ளிப் பாவாடைகளில் அடிப்பக்கம் நாலு விரல் அகலத்துக்கு மடிப்பு இருக்கும். "வளர்ற புள்ள, அப்பால பிரிச்சி வுட்டுக்கலாம்" என்று கோலியனூர் தையற்காரர் ஒவ்வொரு ஜூன் மாதமும் அம்மாவிடம் சொல்வார். துணிதான் நைந்து கிழிந்ததே தவிர, மடிப்பைப் பிரிக்க வேண்டி வந்ததே இல்லை.

ஒன்றாம் வகுப்பில் அவளுக்குச் சிறுநீரக நோய் வந்தது. உடம்பெல்லாம் வீங்கிக் கண் திறக்க முடியாமல் கிடந்தவளைத் திண்டிவனத்து டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரைதான் எழுப்பி உட்கார வைத்தது. வீக்கம் வடிந்தது, கன்னம் மட்டும் உப்பிக்கொண்டே போனது. "பாப்பா நல்லா சதை புடிச்சிக்கினா" என்று தெருவே மெச்ச, அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவளுக்கு இளையவனான தம்பி அவளை மிஞ்சி வளர்ந்தபோதுதான் டாக்டரிடம் போய்க் கேட்டோம்.

டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. எலும்பின் முனையில் உள்ள குருத்தெலும்புச் செல்கள் பெருகித்தான் எலும்பு நீள்கிறது, இந்த மருந்து அந்தச் செல்களை மந்தமாக்கிவிடுகிறது என்றார். அளவைக் குறைத்தார், குறைத்தபோதெல்லாம் கால் வீங்கியது. வேறு மருந்துகளும் எடுபடவில்லை. "நிறுத்துனா ஊதிக்குது, குடுத்தா வளரமாட்டேங்குது. நான் எத்தப் பாக்கறது சார்?" என்று கேட்டாள் அம்மா. எனக்கு அந்த மாத்திரை மேல் ஆத்திரமாக வரும். ஆனால் அவள் உயிரைக் காப்பாற்றியதும் அதுதானே.

மாத்திரை நின்றதும் வளர்ந்துவிடலாம் என்றே அவள் பல வருடம் காத்திருந்தாள். கல்லூரியில் சேர்ந்த வருடம் நோய் அடங்கி, மாத்திரையும் நின்றது. "இனிமே வளருவேன் இல்ல சார்?" என்று கேட்டாள். டாக்டர் அவள் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். "வளர்ற எடம் மூடிக்கிச்சிம்மா" என்றார். விழுப்புரம் வரும்வரை அவள் பஸ் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவே இல்லை.

இப்போது வளவனூரில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். போன மாதம் வீக்கம் திரும்பி வந்தது. அதே மாத்திரையைத்தான் மறுபடியும் எழுதிக் கொடுத்தார்கள். வேலைக்குக் கிளம்பி நின்றவளுக்கு அதைக் கொடுக்க அம்மாவுக்குக் கை வரவில்லை. நானும் பார்த்துக்கொண்டு நின்றேன், வேறென்ன செய்ய?

"ஜல்தியா குடும்மா, பஸ்சு பூடும்" என்றாள் தங்கை. "இனிமே எங்கிட்ட அந்த மாத்திர நிறுத்தறதுக்கு என்னா இருக்குது?"