கேபிளைக் கழற்றுகிறவன்

மென்பொருளின் துண்டுகளைச் சேர்த்துப் பொதியாகக் கட்டுமுன் நான் இணையக் கேபிளைக் கழற்றிவிடுவேன். "என்ன, கடல் வருதா? கழட்டிட்டு ஓடப் போறீங்களா?" என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். கேபிள் இருந்தால், குறைகிற துண்டையெல்லாம் கணினி யாரையும் கேட்காமல் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். கடைசியில் 'சரி' என்று காட்டும். எதை உள்ளே வைக்க மறந்தோம் என்று தெரியவே தெரியாது.

யுத்தம் முடிகிற காலம். சவளக்கடைப் பக்கம் ஒரு சிறிய மருந்தகத்துக்கு நோயாளர் பதிவு மென்பொருள் செய்திருந்தோம். அங்கிருந்த பழைய கணினியில் வைத்துத்தான் அதைக் கட்ட வேண்டும். அங்கே டெலிபோன் லைனே கிடையாது. அனுப்பும் நாள் காலை, கேபிளைக் கழற்றிக் கட்டிப் பார்த்தேன். பாதியில் நின்றது. திகதிகளை ஒழுங்குபடுத்தும் ஒரு சின்னத் துண்டு உள்ளே இல்லை.

"லைனக் குடுத்து முடிங்க தம்பி, வேன் நிக்குது," என்றார் அலுவலகப் பொறுப்பாளர்.

"இஞ்ச முடியும். அங்க?" என்று கத்திவிட்டேன். கேபிளைச் செருகி அந்தத் துண்டை மட்டும் இறக்கிப் பொதிக்குள் வைத்து, மறுபடி கழற்றி, முழுதாகக் கட்டிப் பார்த்த பிறகே வேனை விட்டேன். மருந்தகத்தில் ஒரே தடவையில் முடிந்தது என்று மறுநாள்தான் தெரிந்தது.

அன்று வீட்டுக்கு வந்தும் மனம் அடங்கவில்லை. சுனாமிக்குப் பிறகு எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும், கடல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓட ஒரு பை இருக்கும். எங்கள் பையை ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை என்பது உறுத்தியது. எல்லாரையும் வெளியே அழைத்து, வீட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டேன்.

"பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்ற மட்டும் முற்றத்துலதான். என்ன வேணுமெண்டாலும் பைக்குள்ள இருந்து எடுங்க."

"விசரா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

மகன் ஓடி விளையாடினான், மூச்சிழுப்பு வந்துவிட்டது. மனைவி பையிலிருந்த துணிகளையெல்லாம் வெளியே இழுத்துப்போட்டுத் தேடினாள். மூச்சுக்கு எடுக்கும் பம்ப் அதில் இல்லை.

"தினமும் எடுக்கிறதுதானே. குசினித் தட்டுல கிடக்கு. போகக்க எடுப்பமெண்டு..."

கதவைத் திறந்து, சமையலறைக்கு ஓடிப் பம்ப்பை எடுத்து வந்தேன். மகனுக்கு மூச்சு சீரானதும் கத்தினேன்: "உம்மாவும் போகக்க எடுப்பமெண்டுதானே உள்ள போனா!"

சுனாமி அலை வந்த காலை என் உம்மா எங்களோடு வாசல் படலை வரை வந்தவர். தலையில் முக்காடு இல்லை என்று அதை எடுக்கத் திரும்பிப் போனார். பிறகு அவரை நாங்கள் உயிரோடு பார்க்கவில்லை.

மனைவி பையை மறுபடி கையிலெடுத்தாள். சிதறிக் கிடந்த துணிகளை மடித்து அடுக்கினாள். பம்ப்பை வைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெள்ளை முக்காட்டை வைத்தாள். அவள் வெள்ளை போடுவதில்லை.

"இது ஆருக்கு?"

"ஆரும் வயசான மனுசி வெறுந்தலையோட ஓடி வந்தா குடுக்க. பை கட்டின நாளிலயிருந்து மேலயே கிடக்கு."

நான் முற்றத்திலேயே இருந்து, மகன் பார்க்கப் பார்க்க அழுதேன்.