முதுகுக்காக வயிற்றில் ஒரு தழும்பு

சென்னையில் எனக்குச் சத்திரசிகிச்சை செய்த டாக்குத்தர், முதுகெலும்பைத் தொடுவதற்கு வயிற்றுப் பக்கமாகத்தான் போனார். இடுப்பில், கடைசி இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இருந்த தட்டு தேய்ந்து நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, உலோகமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த செயற்கைத் தட்டு ஒன்றை வைத்தார். நெடுநாளாக இடது காலில் நெருப்பாய் ஓடிய வலி, மயக்கம் தெளிந்தபோது இல்லை. அடிவயிற்றில் குறுக்காக ஒரு தையல் இருந்தது. குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, நெடுநேரம் உட்காரக்கூடாது, ஆனால் நடக்கவேண்டும் என்று சொல்லி, இடுப்பைச் சுற்றிக் கட்ட விறைப்பான பட்டி ஒன்றையும் தந்து அனுப்பினார்.

நடப்பதற்கு நாங்கள் திரும்பி வந்த இடம் திருகோணமலை. சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம். துறைமுகத்துக்குப் போகும் வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையில் எங்கள் வீடு. ஒழுங்கை முகப்பில் ஒரு சோதனைச்சாவடி. என் கணவர் துறைமுகத்தில் பண்டகசாலை வேலை பார்த்தார். நான் முதலாம் வகுப்பு ஆசிரியை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப்பற்றிக் கதைப்பதை எப்போதோ விட்டிருந்தோம்.

விமானத்தில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து ஒரு வான் வண்டியில் மெத்தை போட்டு என்னைக் கிடத்திக் கணவர் கொண்டுவந்தார். வழியிலிருந்த சாவடிகளில் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போகவிட்டார்கள். வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், எங்கள் ஒழுங்கை முகப்பில்தான் இறங்கச் சொன்னார்கள். பக்கவாட்டில் புரண்டு, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழும்பினேன். பெண்களைச் சோதிக்கும் தகர மறைப்புக்குள் ஒரு இராணுவப் பெண் நின்றாள். சின்ன வயது. அவள் கை என் இடுப்பில் பட்டதும் சட்டென்று பின்வாங்கித் துவக்கைப் பிடித்தாள். சட்டைக்குள்ளே விறைப்பாக ஒரு பட்டி. அந்த நாட்களில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தற்கொலைக் குண்டு.

இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றேன். "ஒப்பரேஷன்," என்றேன். இரண்டு பேருக்கும் விளங்கக்கூடிய வேறு சொல் எனக்கு வரவில்லை. வெளியே கணவர் சிங்களத்தில் ஏதோ உரத்துச் சொல்ல, யாரோ அவரை அதட்டினார்கள். நான் மெல்லச் சட்டையை உயர்த்தி, பட்டியைக் கழற்றி, தையலைக் காட்டினேன்.

அவள் பார்த்தாள். துவக்கைத் தோளில் மாட்டினாள். "பபா?" என்று கேட்டாள்.

குழந்தையா என்கிறாள். முதுகில் வைத்த தட்டைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியாது. ஓமென்று தலையாட்டினேன்.

"துவ? புதா?" மகளா, மகனா.

"துவ," என்றேன். குழந்தை எங்கே என்று கையால் கேட்டாள். "ஆஸ்பத்திரி," என்றேன். பட்டியைத் திரும்பக் கட்ட அவளே உதவினாள்.

வண்டிக்குள் ஏறியதும் நடந்ததைச் சொன்னேன். வீட்டு வாசலில் என்னை இறக்கும்போதுதான் கணவர் கேட்டார்.

"பெடியனோ, பெட்டையோ?"

"பெட்டை எண்டு சொல்லிப்போட்டன்."

"ம்," என்றார். "இந்தக் கையைப் பிடியும். மெல்ல."

அவர் லீவு போட்டுவிட்டு வீட்டில் நின்றார். தேத்தண்ணியைத் தவிர வேறொன்றும் போடத் தெரியாத மனிசன் குசினிக்குள் போனார். நான் கட்டிலில் கிடந்து சொல்லச் சொல்லச் சொதி வைத்தார். எங்கள் கக்கூசில் குந்தித்தான் இருக்கவேண்டும். அது எனக்கு ஏலாது. நான் உட்கார ஒரு பிளாஸ்டிக் கதிரையை வாங்கிவந்து, கத்தியை நெருப்பில் காய்ச்சி நடுவில் ஓட்டை வெட்டினார். விளிம்பு குத்தாதபடி ஒரு பின்னேரம் முழுக்க இருந்து தேய்த்தார். பிறகு தானே அதில் இருந்து பார்த்துவிட்டு, "ஓம், சரி," என்றார். கிணற்றடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் நிமிர்ந்து நிற்க, தலையில் தண்ணீர் வார்த்துச் சீயாக்காய் தேய்த்துவிடுவார். அவர் பின்னிவிட்ட பின்னல் மத்தியானத்துக்கு முன்னமே அவிழ்ந்துவிடும்.

பார்க்கவந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் முதுகு ஒப்பரேஷன் என்பதை நம்பவில்லை. "வயித்திலையெல்லோ வெட்டியிருக்கு. கர்ப்பப்பையை எடுத்ததோ?" என்று காதோடு கேட்டார்கள். தேத்தண்ணி கொண்டுவந்த கணவர், "முதுகு வயித்துக்குப் பின்னாலைதானே இருக்கு," என்றுவிட்டுக் கோப்பைகளை வைத்தார். அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை.

முதலில் வீட்டு முன் விறாந்தையில் நடந்தேன். பிறகு ஒழுங்கையில். கலியாணம் கட்டிய நாள் தொட்டு அவர் எனக்கு முன்னால் நடப்பவர். கோயிலுக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் நான் அவருடைய முதுகைத்தான் பார்த்துக்கொண்டு போவேன். இப்போது என் பக்கத்தில் நடக்கவேண்டியிருந்தது. அவருக்கு அது வரவில்லை. இரண்டடி முன்னால் போவார், நின்று திரும்பிப் பார்ப்பார், வந்து சேர்ந்துகொள்வார். கொஞ்ச நாளில் பழகிக்கொண்டார்.

சாவடிவரை நான் நடந்துபோன முதல் நாள், அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டு கிட்ட வந்து பபாவை விசாரித்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். கணவர் துறைமுகத்தில் பழகிய சிங்களத்தில் அமைதியாகப் பதில் சொன்னார். அவள் இன்னுமொன்று கேட்டாள். அதற்கும் சொன்னார்.

திரும்பி வரும்போது, "என்னப்பா சொன்னனீங்கள்?" என்றேன்.

"வீட்டை வந்திட்டுது, நித்திரை எண்டு சொன்னன். ஆர் பாத்துக்கொள்ளுகினம் எண்டாள். உம்மடை தங்கச்சி எண்டன்."

"எனக்குத் தங்கச்சி இல்லையே."

"பிள்ளை இருக்கேக்கை தங்கச்சியும் இருக்கலாம்தானே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் இழுக்கும். வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அதன்பிறகு நடக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பிள்ளையைப்பற்றி ஏதாவது சொல்லுவார். "இண்டைக்குக் குப்புறக் கவுண்டு படுத்திட்டா," என்பார். "உம்மைப்போலை பிடிவாதம்," என்பார். அவருக்கு இவ்வளவு கதை வருமென்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒருநாள் பின்னேரம் குடாவுக்கு அப்பாலிருந்து துறைமுகத்தை நோக்கி ஷெல் குண்டுகள் வரத் தொடங்கின. எல்லா வீடுகளிலும் மேசைக்குக் கீழே, கட்டிலுக்குக் கீழே போய்ப் படுப்பார்கள். என்னால் அது ஏலாது. இதை நினைத்துத்தான் அவர் முன்னமே என் கட்டிலை இரண்டு அறைகளுக்கு நடுவிலிருந்த ஒடுங்கிய நடையில், யன்னல் இல்லாத இடத்தில் போட்டிருந்தார். வாசல் பக்கமாக நிலத்தில் இருந்துகொண்டு என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் மேசைக்குக் கீழை போங்கோவன்."

"நான் போகேல்லை."

சுவர் அதிர்ந்து, பூச்சு உதிர்ந்து அவர் தலையில் கொட்டியது. அதைத் தட்டிவிடாமல், என்னைப் பாராமலே சொன்னார்:

"இப்பிடியான நேரங்களிலை, பிள்ளை இல்லாதது நல்லதெண்டு நினைச்சிருக்கிறன். பிறகு, அப்பிடி நினைச்சிட்டனே எண்டு கவலைப்பட்டிருக்கிறன்."

"நானும்தான்," என்றேன்.

எத்தனையோ வருடங்களாக இரண்டு பேரும் தனித்தனியாக நினைத்தது. கையை எட்டி அவர் தலையிலிருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டிவிட்டேன். சத்தம் ஓய்ந்த பிறகும் அவர் எழும்பவில்லை.

சில நாள் கழித்து ஊரடங்கைத் தளர்த்தி ஒழுங்கையில் நடமாட விட்டார்கள். சாவடிக்குப் போனபோது அந்தப் பெண் சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். மஞ்சள் நூலில் பின்னிய, விரலளவான இரண்டு காலுறைகள். காவல் இல்லாத நேரத்தில் தானே பின்னியதாம்.

நான் கணவரைப் பார்த்தேன். "உள்ளதைச் சொல்லுங்கோ," என்றேன்.

அவர் சொன்னார். நெடுகச் சொன்னார், இடையில் தன் இடுப்பையும் தொட்டுக் காட்டினார். அவள் முகம் சிவந்தது. கோபிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் பின்பக்கம் வந்து, பட்டிக்கு மேலாக உள்ளங்கையை வைத்து ஏதோ கேட்டாள்.

"இப்ப நோகுதோ எண்டு கேக்கிறாள்," என்றார் கணவர்.

இல்லையென்று தலையாட்டினேன். காலுறைகளைத் திருப்பி நீட்டினேன். வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஊரில் அக்காவுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறதாம், அனுப்புவாளாம். அடுத்த மாதம் அந்தச் சாவடிக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். அவள் எங்கே போனாளென்று தெரியாது.

அன்றைக்கு உண்மையைச் சொல்லிவிட்டு ஒழுங்கையில் நின்றபோது கணவர் வாடிப்போயிருந்தார்.

"இனி நடக்கேக்கை என்னத்தைக் கதைக்கிறது?" என்றார்.

"சந்தைக்குப் போய் மீன் இருக்கோ எண்டு பாப்பம்."

"அவ்வளவு தூரம் நடப்பீரோ?"

"நடப்பன்."

கடலுக்குப் போகத் தடை இருந்த நாட்கள். சந்தையில் சின்னச் சூடை மீன் மட்டும்தான் கிடந்தது. வாங்கிக்கொண்டு இடையிடையே நின்று நின்று வீட்டுக்கு வந்தோம். நான் குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று சொல்ல, அவர் ஒவ்வொரு மீனாகத் தலையைக் கிள்ளிக் கழுவினார். செதில் முழங்கை வரை ஒட்டியிருந்தது. "இதை எப்பிடித்தான் இவ்வளவு காலமும் செய்தனீர்?" என்று கேட்டார்.