இரண்டு மணி வரைக்கும் கையெழுத்து

அவளை அங்கே யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இடுப்பில் பதினேழு சாவி தொங்க நடக்கிறவளுக்குத் தனியாகப் பேர் எதற்கு? வழக்கில் மாட்டிய சிறுமிகளை விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் இல்லம் அது. சமையல்காரர் முதல் நேற்று வந்த பிள்ளை வரை எல்லோருக்கும் அவள் சாவியக்காதான். கோபம் வந்தால் வீட்டில் கணவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

வேலையில் சேர்ந்து பத்தொன்பது வருஷம். சேர்ந்த அன்று காப்பாளர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒருத்தர் ஓய்வு பெற்றார், ஒருத்தி மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள், இன்னொருத்தி பிரசவத்துக்குப் போனவள் திரும்பவேயில்லை. காலியான இடம் காலியாகவே கிடந்தது. ஆள் வரும், ஆள் வரும் என்று மேலிடத்தில் சொன்னார்கள். யானையும் வரவில்லை, மணியோசையும் கேட்கவில்லை. கடைசியில் மிஞ்சியது நாலு பேர். பகலுக்கு இரண்டு பேர். அதில் ஒருத்தி ஏதாவது பிள்ளையைக் கோர்ட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டால், மிச்சமிருக்கும் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு சாவியக்கா ஒருத்திதான். வாசல் மணி அடித்தாலும் அவள்தான், போன் வந்தாலும் அவள்தான், இரண்டு பிள்ளைகள் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு உருண்டாலும் அவள்தான்.

இதற்கு நடுவில் தனியறை வேறு. சண்டை போட்ட பிள்ளையை ஆத்திரம் அடங்கும்வரை வைக்கிற சின்ன அறை. அங்கே ஒரு பிள்ளை இருந்தால், பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவிலுள்ள சின்ன ஜன்னலைத் திறந்து பார்க்க வேண்டும். பார்த்ததற்கு அடையாளமாக, வெளியே தொங்கும் தாளில் அந்த நேரத்துக்கு நேராகக் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல விதிதான். எழுதியவருக்கு நாலு கை இருந்திருக்கும்.

நாலு கை இல்லாதவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். முறைக்கு வந்ததும், முறை முடிகிற இரண்டு மணி வரைக்கும் உள்ள கட்டங்களில் ஒரே மூச்சாகக் கையெழுத்தைப் போட்டுவிடுவது. பிறகு அந்தப் பக்கம் போகும்போது எட்டிப் பார்த்துக்கொள்வது. யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, எல்லோரும் செய்தார்கள், சாவியக்காவும் செய்தாள். ஆய்வுக்கு வருகிறவர்கள் முதல் நாளே போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். அன்றைக்குத் தரை பளபளக்கும், படுக்கைகளுக்குப் புது விரிப்பு வரும், தாள்களும் யோக்கியமாக இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குத் தனியறைக்குப் போனவள் வாயாடி. பதினைந்து வயது, தூக்கத்தில்கூடப் பேசுகிற பிள்ளை. வயிறு வலிக்குது, சாப்பாடு வேண்டாம் என்று சொல்லித்தான் தட்டை வீசினாள். தட்டு இன்னொருத்தி நெற்றியில் பட்டுவிட்டது. தட்டைப் பார்த்தவர்கள் எல்லோரும் வயிற்றை மறந்துவிட்டார்கள். சாவியக்கா அவளை உள்ளே விட்டுப் பூட்டினாள். தாளில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டாள். கூட இருந்தவள் கோர்ட்டுக்குக் கிளம்பினாள். அப்புறம் நெற்றிக்குக் கட்டு, இரண்டு போன், பார்க்க வந்து அழுத ஒரு அம்மா, அடைத்துக்கொண்ட குளியலறை. ஒன்பதரை வாக்கில் அந்த வழியாக ஓடும்போது உள்ளே சத்தமில்லை. வாயாடி வாயை மூடியிருக்கிறாள், இன்றைக்கு நமக்கு நல்ல நேரம்தான் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாள்.

பதினொன்று பத்துக்கு, போனும் இல்லாமல் தகவலும் இல்லாமல், ஒரு அம்மா வந்து நின்றார். மேற்பார்வைக் குழுவில் புதிதாகப் போட்டிருந்த டாக்டர். கண்காணிப்பாளர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்து, காபி குடிக்கலாமே என்றார். டாக்டரம்மா அப்புறம் குடிக்கலாம் என்று சொல்லிவிட்டு நேராகத் தனியறைக்கு நடந்தார். தாளைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்ப மணி பதினொன்னு பத்து. ஒன்னே முக்காலுக்குப் பொண்ணு உள்ள என்ன பண்ணிட்டிருந்தா?"

சாவியக்கா இடுப்பிலிருந்த சாவியை எடுத்தாள். கதவைத் திறந்தால் பிள்ளை தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள். சட்டை வேர்வையில் நனைந்திருக்கிறது, உதடு வெளுத்திருக்கிறது. டாக்டரம்மா மண்டியிட்டு அடிவயிற்றில் வலது பக்கம் கை வைத்தார். கத்தக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஆபரேஷன். "இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா குடல்வால் உள்ளேயே வெடிச்சிருக்கும்" என்றார் அறுவை செய்த டாக்டர். சாவியக்கா ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தாள். முறை முடிந்து இரண்டு மணிக்குத்தான் அவள் அந்தக் கதவைத் திறந்திருப்பாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை என்று ஓலை வந்தது. கண்காணிப்பாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அது முந்தின நாள் தாள், புதுசு மாட்ட மறந்துட்டேன்னு சொல்லிடு. தேதிக் கட்டத்த யாரு நெரப்பறாங்க? மறதிக்கு வேலைய விட்டுத் தூக்க மாட்டாங்க. பொய்க் கையெழுத்துன்னா தூக்கிடுவாங்க."

கெட்ட மனுஷர் இல்லை. அவர் தலையும் அதில் உருளும் அல்லவா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவள் கையில் கரண்டியைக் கொடுத்தார், அவ்வளவுதான்.

வீட்டில் கணவருக்கு முழங்கால் போய், லாரி ஓட்டுவதை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. குடும்பம் நடப்பது அவள் ஒருத்தி வேலையில்.

"வேலை போயிட்டா என்ன பண்றது?" என்றாள்.

"தெரியல" என்றார். கையிலிருந்த துவைத்த துணியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆனா பொய் சொல்லிட்டு வந்தேன்னா உன் மூஞ்சிய யாரு பாக்கறது? பகல் பூரா வீட்ல இருக்கறவன் நான்தானே?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது.

வியாழக்கிழமை வாயாடியைப் பார்க்கப் போனாள். பிள்ளை கட்டிலில் கொஞ்சம் நிமிர்ந்து படுத்திருந்தாள். சாவியக்காவைக் கண்டதும் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சுல்ல? டாக்டரயும் கூட்டிட்டு ஓடி வந்தியே! நீ வருவேன்னு எனக்குத் தெரியும்."

சும்மா இருந்திருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு, உடம்பைப் பார்த்துக்கோ என்று எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அந்தக் கை சுட்டது.

"கேக்கலடி. நான் எட்டிப் பாக்கவேயில்ல. பாத்ததா தாள்ல எழுதிட்டு வேற வேலைக்குப் போயிட்டேன். அந்தம்மா வந்து நின்னதாலதான் கதவத் தெறந்தேன்."

வாயாடி கையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் பார்த்தாள். சாவியக்கா எழுந்து போகவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "தண்ணி குடு" என்றாள் பிள்ளை. தன் கையிலிருந்து அதை வாங்கிக் குடித்தாளே, அதற்காகவே அவளைக் கும்பிடலாம் போலிருந்தது சாவியக்காவுக்கு.

மறுநாள் விசாரணையில் டாக்டரம்மா முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார். "அது எந்த நாள் தாள்?"

கண்காணிப்பாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அன்னைக்குத் தாள்தான் மேடம். பாக்காமலே போட்டேன். பல வருஷமா அப்படித்தான் போடறேன்" என்றாள் சாவியக்கா.

"இதுக்கு வேலை போகலாம், தெரியுமா?"

"தெரியும் மேடம். அந்தப் புள்ளகிட்டயே சொல்லிட்டேன். இனிமே யாருகிட்ட சொல்ல பயம்?"

டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். "சரி. எட்டுலேர்ந்து பதினொன்னு பத்து வரைக்கும் என்னென்ன பண்ணீங்க? ஒன்னு விடாம சொல்லுங்க."

அவள் சொல்லச் சொல்ல ஒன்றரைப் பக்கம் நிறைந்தது. கட்டு, போன், அழுத அம்மா, குளியலறை, ஒன்றும் விடவில்லை. கடைசியில், "இத்தனையும் ஒருத்தரா?" என்று மட்டும் கேட்டார்.

தீர்ப்பு பத்து நாளில் வந்தது. ஒரு மாதம் தற்காலிக நீக்கம். வேலை போகவில்லை. அறிக்கையில் டாக்டரம்மா எழுதியிருந்ததை அவளுக்கும் காட்டினார்கள்: பொய்க் கையெழுத்துக்கு இவர் பொறுப்பு, பார்க்க ஆள் இல்லாமல் போனதற்கு இவர் பொறுப்பல்ல. காலி இடங்களை ஒரு மாதத்துக்குள் நிரப்பாவிட்டால் இல்லத்தில் புதிதாக ஒரு பிள்ளையையும் சேர்க்கக் கூடாது என்று அதற்குக் கீழே இருந்தது. அவ்வளவு காலம் தூங்கிய மேலிடம் விழுந்தடித்துக்கொண்டு எழுந்தது. புதிதாக ஐந்து பேர் வந்தார்கள்.

அந்த ஒரு மாதமும் அவள் டாக்டரம்மாவை நினைக்காத நாள் இல்லை. தன்னைக் கையும் களவுமாகப் பிடித்தவருக்கு நன்றி சொல்லித் திரிகிற ஆள் உலகத்திலேயே நீ ஒருத்திதான் என்று கணவர் கேலி செய்தார். செய்யட்டும். அந்தம்மா போன் போட்டுவிட்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவளுக்குத்தானே தெரியும்? ஒரு பிள்ளையின் சாவை அவர் அவள் தலையிலிருந்து இறக்கி வைத்திருக்கிறார். அதற்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

அவள் வேலைக்குத் திரும்பியபோது வாயாடி வழக்கு முடிந்து சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். போகிறபோது சமையல்காரரிடம், சாவியக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாளாம். சாவியக்கா அதைச் சமையல்காரரிடம் மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

தனியறையில் வேறொரு பிள்ளை இருந்தாள். இல்லத்துக்கு வந்த அன்றே வாசல் கண்ணாடியை உடைத்தவள். வாசல் மணிக்கு ஒரு ஆள், போனுக்கு ஒரு ஆள், கோர்ட்டுக்கு இரண்டு பேர் போயிருந்தார்கள். சாவியக்காவுக்குக் கொடுத்தது அந்தக் கதவு மட்டும். எட்டேகாலுக்குப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். எட்டரைக்குப் பார்த்தாள். எட்டே முக்காலுக்கும் பார்த்தாள். ஒன்பது மணிக்குச் சின்ன ஜன்னலைத் திறந்ததும் உள்ளேயிருந்து கதவில் ஒரு உதை விழுந்தது.

"ஏ, எதுக்குச் சும்மா சும்மா வந்து மூஞ்சியக் காட்டுற? உனக்கு வேற வேலையே இல்லையா?"

சாவியக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இல்லடி கண்ணு" என்றாள். "வேற வேலையே இல்ல."