கால் பார்க்கும் மேஜரம்மா

லாரி டிரைவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு மெல்லிய நைலான் நரம்பை அவர் உள்ளங்காலுக்கு அருகே கொண்டுபோனார் மேஜரம்மா.

“தெரியுதா?”

“தெரியுதும்மா.”

“நான் இன்னும் தொடவே இல்லையே!”

பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை. அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். “வெறுங்காலோட பிரேக்கை மிதிப்ப, வெறுங்காலோட பங்க்ல இறங்கி நடப்ப. சர்க்கரை வந்த காலுக்குச் சூடும் தெரியாது, சொரணையும் இருக்காது. ஆளுக்காவது சொரணை இருக்கணும்ல?” ஆறடி மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

மேஜரம்மா இருபத்தாறு வருடம் பட்டாளத்து ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்து, மேஜராக ஓய்வு பெற்றவர். குண்டடிபட்ட கால்களைவிட பூட்ஸுக்குள் அழுகிய கால்களையே அதிகம் பார்த்ததாகச் சொல்வார். “காலாட்படைன்னு சும்மாவா பேரு வச்சான்?” தெருவில் பாதி வீட்டில் சர்க்கரை வியாதி. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தம்பியின் தையல் கடையில் நாற்காலி போட்டு எல்லோர் காலையும் பார்ப்பார். புண்ணுக்குக் கட்டுப் போடுவார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர்களைத் தானே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோவார். போன் வந்தால் ஹலோ கிடையாது. “சொல்லு, கேஸ் என்ன?” என்பார். கீழ்வீட்டிலிருந்து தம்பி மனைவி சாப்பிடக் கூப்பிட்டாலும் அதே கேள்விதான்.

பெற்றோர் போனபோது தம்பிக்குப் பதினொரு வயது. விடுதியில் சேர்த்துவிட்டு, கூடாரங்களிலிருந்து கடிதம் எழுதியே அவனை ஆளாக்கினார். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், “ஒருத்தனை வளர்த்தாச்சு. இன்னொருத்தனை வேற வளர்க்கணுமா?” என்று முடித்துவிட்டார். இப்போது தம்பி வீட்டு மாடியறையில் இருக்கிறார். தம்பிக்கும் சர்க்கரை உண்டு. அவர் கால் மட்டும் சனிக்கிழமை வரிசையில் வராது. “வீட்டு ஆளுதானே, எப்ப வேணா காட்டிக்கலாம்” என்று தையல் மெஷினை மிதித்தபடியே நழுவிவிடுவார்.

ஒரு நாள் மதியம், அறுந்த பட்டனோடு கடைக்கு இறங்கிவந்த மேஜரம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். புதுத் துணியின் வாசனைக்கு அடியில் வேறொரு வாடை. வார்டுகளில் பழகிய வாடை. வேர்த்துக் கொட்டும் வெயிலில் தம்பி காலில் சாக்ஸ் போட்டிருந்தார்.

“கழட்டு.”

“ஒண்ணுமில்லக்கா...”

மேஜரம்மாவே மண்டியிட்டுக் கழற்றினார். சின்ன விரல் கறுத்திருந்தது. பக்கத்து விரலும் கறுக்கத் தொடங்கியிருந்தது. கடைத் தரையில் கிடந்த குண்டூசி ஏறி, நாலு நாள் உள்ளேயே இருந்திருக்கிறது. வலிக்காததால் தம்பிக்குத் தெரியவில்லை. பிடுங்கிப் போட்டுவிட்டு, ஐந்து வாரமாக மறைத்திருக்கிறார். தம்பி மனைவி கதவோரத்தில் நின்று அழுதாள். “சாக்ஸை நான்தான் ஒளிச்சு ஒளிச்சுத் துவைச்சேன் அண்ணி.”

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். முன்பே வந்திருந்தால் விரல்கள் பிழைத்திருக்கும் என்றார் டாக்டர். “கட்டு மாத்தணும், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க” என்றாள் அங்கிருந்த இளம் நர்ஸ். மறுபேச்சில்லாமல் வெளியே போய் நின்றார் மேஜரம்மா.

மூன்றாம் நாள்தான் கேட்டார். “ஏன்டா சொல்லல?”

தம்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அந்த டிரைவரை எல்லார் முன்னாடியும் எப்படித் திட்டின? தெருவுக்கே கால் பாக்கறவ, என் காலைப் பாத்து என்ன சொல்லுவியோன்னு இருந்துச்சு. உன் முன்னாடி தப்புப் பண்ணிட்டு நிக்கறதுக்குப் பதிலா விரல் போனாப் போகட்டும்னு விட்டுட்டேன்.”

மேஜரம்மா கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவினார். சுருக்கம் போன பிறகும் நீவிக்கொண்டே இருந்தார்.

இரண்டு சனிக்கிழமை கடை திறக்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமை ஏழு மணிக்குத் திறந்தது. கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டித் தம்பி உட்கார்ந்திருந்தார். பெஞ்ச் நிறைய ஆட்கள். டிரைவரும் வந்திருந்தார், அன்றைக்கும் வெறுங்காலோடு. எல்லோரும் மேஜரம்மாவின் வாயையே பார்த்தார்கள்.

அவர் டிரைவரைக் கடந்து போனார். ஒரு நாற்காலியைத் தம்பிக்கு எதிரே இழுத்துப் போட்டு, அதில் தானே உட்கார்ந்தார். “எனக்கும் ஆறு வருஷமா சர்க்கரை இருக்கு” என்றார், பொதுவாக. தம்பி திகைத்துப்போய் நிமிர்ந்தார். மேஜரம்மா குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார். சாக்ஸை உருவினார். குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த தன் வலது காலைத் தூக்கித் தம்பியின் மடியில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.