நாற்பத்தேழு குறைகிறதே

குடும்பத்தில் முதல் பட்டதாரி அவன்தான். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மகன்தான் ஆஸ்பத்திரியையே நடத்துகிறான் என்று அப்பா பார்ப்பவரிடமெல்லாம் சொல்லி வந்தார். அந்தப் பேச்சு அவனை நெஞ்சு நிமிர்த்தி நடக்க வைத்தது. யாரிடமும் ஒரு சந்தேகம் கேட்கவும் விடவில்லை.

காசநோய்ப் பரிசோதனைக்கு வந்தவர்களின் பெயரும் முகவரியும் ஒரு ஃபைலில், முடிவுகள் இன்னொன்றில். இரண்டிலும் பொதுவாக இருந்தது பதிவு எண். அதையே சாவியாக வைத்து இரண்டையும் இணைத்து ஒவ்வொருவருக்கும் முடிவுக் கடிதம் அச்சிட, பெர்ல் என்ற கணினி மொழியில் முப்பது வரி எழுதினான். படித்த முடிவுகள் 1840, சேர்ந்த சாவிகள் 1793 என்று திரை காட்டியது. நாற்பத்தேழு குறைகிறதே என்று உறுத்தத்தான் செய்தது. சில வரிகள் இரண்டு தடவை ஏறியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பக்கத்து அறையில்தான் பதினெட்டு வருடமாகப் பதிவேடு எழுதும் அக்கா இருந்தார். கேட்கவில்லை. கடிதங்கள் போய்விட்டன.

பத்தாம் நாள் அக்காவே ஒரு கடித நகலோடு வந்தார். தையல்கார அம்மா ஒருவருக்கு நோய் இல்லை என்று போயிருந்தது. பதிவேட்டில் நோய் உண்டு என்றிருந்தது.

"தம்பி, ஜனவரி வந்தா நம்பர் திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும். போன வருஷம் முடிவு வராம பாக்கி நின்னவங்களும் இதுல இருக்காங்க, ஒரே நம்பர்ல ரெண்டு பேர். ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் என்ன கடிச்சா வெச்சிருப்பேன்?"

ஒரு சாவிக்கு ஒரே நாற்காலி. பின்னால் வந்தவரின் முடிவு, முன்னால் உட்கார்ந்திருந்தவரின் முடிவை எழுப்பிவிட்டு அமர்ந்துகொண்டது.

வருடத்தையும் எண்ணையும் சேர்த்துச் சாவியாக்கினான். 1840க்கு 1840 வந்தது. அந்த நாற்பத்தேழு பேரில் மூவருக்கு நோய். வரி திருந்திவிட்டது, போன பத்து நாள் திரும்புமா?

முதலில் தையல்கார அம்மாவுக்கு அவனே போன் செய்தான்.

"தப்பு என்னோடதும்மா. உங்களுக்கு நோய் இருக்கு. இன்னைக்கே வாங்க. வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

"மகளும் அவ கைக்குழந்தையும். ஒண்ணுமில்லன்னு லெட்டர் வந்த தைரியத்துலதானேப்பா குழந்தைய எங்கிட்ட போட்டுத் தூங்க வைக்கிறேன்."

குழந்தையையும் அழைத்து வரச் சொன்னான். குழந்தைக்கு எதற்கு என்று கேட்டுவிட்டு அந்த அம்மா காத்திருந்தார்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு, பின்னால் நின்றிருந்த அக்காவிடம் திரும்பினான். "அக்கா, என்ன சொல்லட்டும்?"

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.